சிறிய வேகப் பாய்ப்படகு வாங்க நினைப்பவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று தணிந்து கடல் அடங்கும் காலம் நெருங்கும்போதெல்லாம் படகு வாங்குவது பற்றிய கடிதங்கள் கூடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பொல்கொட ஏரியில் இருவர் ஓட்டும் ஜி.பி.14 படகில் பயிற்சி முடித்து ஓராண்டாகிறது. என் எடை 68 கிலோ. தனியாக ஓட்டக்கூடிய வேகமான படகொன்றைச் சொந்தமாக வாங்க விரும்புகிறேன். லேசர் வாங்குவதா, அதைவிட நவீனமான ஆர்.எஸ். ஏரோ வாங்குவதா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: இரண்டு படகுகளையும் தராசில் வைத்துப் பார்த்தால் ஏரோதான் வெல்லும். லேசரின் உடல் 59 கிலோ எடையுள்ளது. 2014இல் அறிமுகமான ஏரோவின் உடல் ஏறத்தாழ 30 கிலோதான். உங்கள் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், பாய்மரத்தையும் பாயையும் தவிர்த்து, லேசரில் 127 கிலோவும் ஏரோவில் 98 கிலோவும் நீரில் அமர்கின்றன. இந்த வேறுபாடு சிறியதன்று. சிறிய படகு தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொண்டு ஓடும் வரை அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 14 அடி நீளமான படகுக்கு அது ஏறத்தாழ 5 நொட், அதாவது மணிக்கு 9 கிலோமீற்றர் அளவில் நிற்கும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டுமானால் படகு அலையின்மேல் ஏறி நீர்ப்பரப்பில் சறுக்க வேண்டும். எடை குறைந்த படகு குறைந்த காற்றிலேயே சறுக்கத் தொடங்கிவிடும்.

ஆயினும் உங்களுக்கு நான் லேசரையே பரிந்துரைப்பேன். வேகம் என்பது படகுக்குள் இருக்கும் பொருளன்று. அது பக்கத்தில் ஓடும் படகோடு ஒப்பிட்டு அறியப்படுவது. அதே நீளமும் அதே பாயும் கொண்ட இன்னொரு படகு உங்களுக்குப் பத்து மீற்றர் முன்னே செல்லும்போதுதான் பாய்க்கயிற்றை அளவுக்கு மிஞ்சி இழுத்திருக்கிறீர்கள் என்பதும், உங்கள் உடல் சற்றுப் பின்னே அமர்ந்திருக்கிறது என்பதும் புலப்படும். ஏரியில் ஒரேயொரு ஏரோ உங்களுடையதாக இருந்தால், போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் போன்ற, படகு வகைகளின் வேக வேறுபாட்டை ஈடுசெய்யும் எண்களால் நேரத்தைத் திருத்தித்தான் மற்றவர்களோடு போட்டியிட முடியும். வென்றதும் தோற்றதும் கரைக்கு வந்து கணக்குப் பார்த்த பின்னரே தெரியும். ஆகவே எந்தப் படகையும் விலை பேசுவதற்கு முன், நீங்கள் ஓட்டப்போகும் கழகத்துக்கு இரண்டு மூன்று வார இறுதிகள் சென்று, உண்மையில் நீரில் இறங்கும் படகுகளை எண்ணிப் பாருங்கள். கொட்டகையில் கிடப்பவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே ஐந்தாறு ஏரோக்கள் இறங்குவதைக் கண்டால் என் பரிந்துரையைத் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

லேசர் வாங்கும்போது பெயர் குறித்து ஒரு விளக்கம் தேவை. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேர்பி வடிவமைத்த இப்படகு, வணிகப் பெயர் தொடர்பான பிணக்கினால் 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்று அழைக்கப்படுகிறது. ஒரே உடலில் மூன்று அளவுப் பாய்களைப் பொருத்தலாம். 7.06 சதுர மீற்றர் பாயுள்ள ஐ.எல்.சி.ஏ. 7, 1996 அட்லாண்டா முதல் ஒலிம்பிக் படகாகவும் 2008 முதல் ஆண்களுக்கானதாகவும் இருக்கிறது, 5.76 சதுர மீற்றர் பாயுள்ள ஐ.எல்.சி.ஏ. 6, 2008 பெய்ஜிங் முதல் பெண்களுக்கானது, மூன்றாவது 4.7 சதுர மீற்றருடைய ஐ.எல்.சி.ஏ. 4. உங்கள் எடைக்கு ஐ.எல்.சி.ஏ. 6 பொருந்தும். பெரிய பாயைக் கொண்டு மெல்லிய காற்றில் சமாளித்துவிடலாம், ஆனால் காற்று 15 நொட்டைத் தாண்டியதும் படகை நிமிர்த்திப் பிடிப்பதிலேயே உங்கள் முழுப் பலமும் செலவாகிவிடும். பின்னாளில் பாயும் பாய்மரத்தின் கீழ்த்துண்டும் மட்டும் வாங்கினால் அதே உடலிலேயே பெரிய பாய்க்கு மாறலாம்.

கேள்வி: மொறட்டுவையில் பழைய லேசர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?
— தெஹிவளை வாசகர்

பதில்: பளபளப்பைப் பார்க்கவே வேண்டாம். மெழுகு பூசினால் எந்தப் படகும் மின்னும். லேசரின் உயிர், பாய்மரம் நுழையும் குழியில் இருக்கிறது. பாயின் முழு இழுவையையும் தாங்கும் இடம் அதுதான். தாங்கிப் பிடிக்கும் கம்பிகள் இப்படகில் கிடையாது. குழியின் அடி உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் பிடிப்பு விட்டுப்போனால், ஒரு நாள் நல்ல காற்றில் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு பாய்மரம் சாய்ந்துவிடும். நான் முதன்முதலில் வாங்கிய லேசரில் இச்சோதனையைச் செய்யத் தவறினேன். விற்றவர் குறையை மறைத்தாரா, அறியாதிருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது; பொல்கொடவின் நடுவில் பாய்மரம் சரிந்து, மீன்பிடி வள்ளமொன்றில் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வர வேண்டியதாயிற்று.

சோதிக்கும் முறை எளிது. குழியின் வாய்வரை நன்னீர் ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் நீர் உடலுக்குள் போகிறது என்று பொருள். அடுத்ததாகப் பாய்மரத்தின் கீழ்த்துண்டைக் குழியில் நிறுத்தி முன்னும் பின்னுமாக அசைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தளமோ அடிப்பகுதியோ சேர்ந்து அசைந்தாலும், முனகல் கேட்டாலும் வாங்க வேண்டாம்.

அதன்பின் எடை. வீட்டில் ஆள்நிறை பார்க்கும் தராசு போதும்: உடலின் முன்முனையைத் தராசின்மேலும் பின்முனையை ஒரு கட்டையின்மேலும் வைத்து நிறுங்கள், பிறகு மாற்றி வைத்து நிறுத்து இரண்டையும் கூட்டுங்கள். 59 கிலோவுக்கு மேல் இரண்டு மூன்று கிலோ கூடியிருந்தால் பழைய படகுக்கு அது இயல்பு. 65 கிலோவைத் தாண்டினால் தளத்தினுள் இருக்கும் நுரைப்பொருள் நீரைக் குடித்திருக்கிறது, அதை முழுமையாக உலர்த்துவது மிகக் கடினம். ஓட்டுபவர் அமரும் இடத்தின் இருபுறத் தளத்தையும் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். பழுத்த பப்பாசியை அழுத்துவதுபோல் அமுங்கினால் அங்கே உள்ளடுக்கு பிரிந்திருக்கிறது. ஜெல்கோட் எனப்படும் வெள்ளை மேற்பூச்சில் காணப்படும் மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் தோற்றக் குறையே. ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமாகவோ நட்சத்திரமாகவோ வெடித்திருந்தால் மட்டும் அங்கே அடி விழுந்திருக்கிறது என்று எண்ணி உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாய்மரத் துண்டுகளைச் சமதரையில் உருட்டினால் வளைவு உடனே தெரியும். அலுமினியத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் பதிந்திருக்கும் இடங்களில், உப்புநீர் பட்டு அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். பாயின் அடிப்புறத்தைப் பிடிக்கும் பூம் கழி பொருந்தும் இடத்தை அதற்காகக் கூர்ந்து பாருங்கள். பொல்கொட ஏரி பாணந்துறையில் கடலோடு சேர்வதால், ஏரியில் மட்டும் ஓடிய படகு என்று சொல்லப்பட்டாலும் உப்பு பட்டிருக்கும். பாயைக் கையில் பிடித்துக் கசக்கிப் பாருங்கள். புதுக் காகிதம்போல் சரசரத்தால் இன்னும் உயிர் இருக்கிறது. பழைய சாரம்போல் துவண்டால் புதுப் பாய்க்கான விலையைப் படகின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். படகு பக்கவாட்டில் நழுவாமல் நீருக்குள் இறக்கும் நடுப்பலகையும் சுக்கானும் வெயிலில் கிடந்து முறுகியிருக்கின்றனவா என்பதைக் கண்ணருகே வைத்து நீளவாக்கில் நோக்கினால் அறியலாம்.

இத்தனையும் செய்து முடிக்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைத் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பன்னிரண்டு வயது, எடை 41 கிலோ. ஒப்டிமிஸ்ட் படகில் நன்றாக ஓட்டுகிறாள். அடுத்து 29ஈஆர் வேண்டுமென்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?
— கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: அவசரம் வேண்டாம், அம்மா. ஒப்டிமிஸ்டில் 15 வயதாகும் ஆண்டு வரை போட்டியிட முடியும். அது பெட்டிபோல் தோற்றமளித்தாலும், காற்றின் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் தானே தனியாகக் கண்டறியும் பழக்கத்தை அதுபோல் ஊட்டும் படகு வேறில்லை. மகள் இப்போது வேகமாக வளரும் வயதில் இருக்கிறாள். இன்று வாங்குவது ஈராண்டில் பொருந்தாமற்போகலாம். ஏறத்தாழ 45 கிலோவை நெருங்கும்போது ஐ.எல்.சி.ஏ. 4க்கு மாற்றுவது நல்லது. பின்னர் பாயை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே பல ஆண்டுகள் அதே உடலில் தொடரலாம்.

29ஈஆர் மிக அழகிய படகு. ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்த அதில் இருவர் ஓட்ட வேண்டும். ஒருவர் ட்ரெபீஸ் கம்பியில் தொங்கியபடி உடலை முழுவதும் வெளியே நீட்டுவார். நின்ற இடத்தில் தானாக நிமிர்ந்து நிற்காத படகு அது. எல்லாவற்றையும்விட, அதற்கு இன்னொரு பிள்ளை வேண்டும்: ஒத்த எடையும், ஒவ்வொரு வாரமும் தவறாமல் வரும் ஒழுங்கும், சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதும் விட்டுக்கொடுக்காத பெற்றோரும் உள்ள பிள்ளை. அப்படியொரு துணை அமைந்துவிட்டால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். அப்போது முதலில், இருவர் ஓட்டும் 420 என்னும் படகைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: கணவனும் மனைவியும் சேர்ந்து ஓட்ட விரும்புகிறோம். ஓகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் படகைக் கொண்டுபோக ஆசை. எது பொருத்தம்?
— பம்பலப்பிட்டி வாசகர்கள்

பதில்: யாழ்ப்பாணக் கடனீரேரியின் பெரும்பகுதி ஆழமற்றது. மேலிருந்து செருகும் பலகையுள்ள படகு அங்கே அடிமண்ணில் குத்தி நிற்கும். பலகையும் அது நுழையும் கூடும் சேர்ந்து உடையக்கூடும். அச்சில் சுழன்று தானாக மேலெழும் நடுப்பலகையும், தட்டினால் மடங்கும் சுக்கானும் உள்ள படகே உங்களுக்கு வேண்டும். ஜாக் ஹோல்ட் வடிவமைத்த ஜி.பி.14, என்டர்பிரைஸ் ஆகிய இரண்டிலும் இவ்வாறான பலகை உண்டு. முன்னது 1949ஆம் ஆண்டின் வடிவம், உடல் மட்டும் ஏறத்தாழ 133 கிலோ, அலையில் நிதானமாக நிற்கும். பின்னது 1956ஆம் ஆண்டினது, எடை குறைந்தது, மெல்லிய காற்றிலும் சுறுசுறுப்பானது, நீலப் பாயால் தூரத்திலேயே அடையாளம் தெரியும்.

கொழும்பில் ஜி.பி.14 ஓட்டுபவர்கள் இருப்பதால் துணையும் உதிரிப்பாகமும் கிடைக்கும், அதையே வாங்குங்கள். ஓகஸ்டில் அங்கே சோழகம் விடாமல் வீசும். அந்தக் காற்றை வாழ்நாளெல்லாம் அறிந்த தொழிலாளர்களிடம் எங்கே மணல்திட்டு, எங்கே களங்கண்டி எனப்படும் நிலையான மீன்பிடி வலை என்று கேட்டறியாமல் பாயை ஏற்ற வேண்டாம். அவர்களுடைய வலையில் உங்கள் சுக்கான் சிக்கினால் இழப்பு அவர்களுக்கே.

கேள்வி: கல்கிசைக் கடற்கரையிலிருந்து ஹோபி 16 ஓட்டலாமா?
— இரத்மலானை வாசகர்

பதில்: ஆண்டின் ஒரு பகுதியில் ஓட்டலாம். 5.04 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 20 சதுர மீற்றர் பாயும் 145 கிலோ எடையும் கொண்ட இந்த இரட்டை உடற்படகு கடற்கரைக்கென்றே பிறந்தது. நடுப்பலகை கிடையாது, இரண்டு உடல்களின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வளைவு கொண்டிருப்பதால் அவையே பக்கவாட்டு நழுவலைத் தடுக்கின்றன. ஆகவே மணலில் நேரே ஏற்றி நிறுத்தலாம். வாடைக் காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் வரை, பிற்பகலில் எழும் கடற்காற்று இதற்கு உகந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கரையலை உடையும்போது இறக்க முயல வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இது கவிழ்ந்தால் நிமிர்த்த ஒருவரின் எடை பெரும்பாலும் போதாது, எனவே தனியே போகாதீர்கள். காற்றோடு விரைந்து ஓடும்போது முன்முனை அலைக்குள் புதைந்து படகு குட்டிக்கரணம் போடும். இருவரும் பின்னே நகர்ந்து அமரப் பழக வேண்டும். இத்தகைய படகுகளை உலகம் ‘கற்றமரான்’ என்று அழைப்பது நம் கட்டுமரம் என்னும் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரட்டை உடல் அதற்குக் கிடையாது. பக்கமிதவை பூட்டிய நீர்கொழும்பின் ஒருவாவே இதற்கு நெருங்கிய உறவு என்பது என் எண்ணம்.

கேள்வி: நீரைவிட்டு மேலெழும்பிப் பறக்கும் ‘ஃபொயில்’ படகை முதற் படகாக வாங்கலாமா?
— வத்தளை வாசகர்

பதில்: வேண்டாம். எழும்புவதற்கு நிலையான காற்றும், நீருக்கடியில் நீளும் சிறகுக்குப் போதிய ஆழமும், களையற்ற நீரும் வேண்டும்; நம் ஏரிகளில் மூன்றும் ஒருங்கே கிடைக்கும் நாட்கள் குறைவு. ஆகாயத் தாமரையின் ஒரு கொடி போதும், படகு நீரில் குத்தி விழ. லேசரை 15 நொட் காற்றில் கவிழாமல் ஒரு பருவம் ஓட்டிய பின் யோசியுங்கள்.

கேள்வி: புதுப் படகை வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் மலிவா?
— கொழும்பு 7 வாசகர்

பதில்: ஒற்றைப் படகுக்குப் பெரும்பாலும் இல்லை. படகின் விலையோடு கப்பற்கூலி, காப்புறுதி, துறைமுகக் கட்டணம், சுங்க வரி எல்லாம் சேரும். லேசர் உடல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க முடியும் என்பதால், கழகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கொள்கலனில் தருவித்தால் கூலி பங்காகப் பிரியும். முற்பணம் அனுப்புவதற்கு முன், அன்றைய வரி வீதத்தைச் சுங்கத் தரகர் ஒருவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.