‘கொள்ளாம்’ என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளரின் பிள்ளைகள் அந்த வேலைக்கு ஏன் வருவதில்லை என்பது என் ஆய்வுத் தலைப்பு. 300 பேரிடம் வினாப்பட்டியல் நிரப்பி வந்தால்தான் அது ஆய்வு என்கிறார் நெறியாளர். 15 பேரிடம் ஆழமாகப் பேசினாலே போதும் என்கிறார் இன்னோர் ஆசிரியை. அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு, இவற்றில் எது மேலானது?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: எது மேலானது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் தலைப்பை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். ‘ஏன் வருவதில்லை’ என்பதற்குள் ‘வருவதில்லை’ என்ற முடிவு ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. அது மெய்யா, எத்தனை வீடுகளில் மெய் என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ‘ஏன்’ என்பதற்கோ எண்ணிக்கை மட்டும் விடை தராது. நெறியாளரும் ஆசிரியையும் உங்கள் தலைப்பில் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணும் பாதியை முதலில் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம் என்று சொல்ல முடிந்தது வீடு வீடாக ஏறி இறங்கியதால். உங்களால் அது இயலாது. எனவே மாதிரி எடுக்கிறீர்கள். சமவாய்ப்பு முறையில் 100 பேரைத் தேர்ந்தால், 95 விழுக்காடு நம்பகத்தில், அதாவது இப்படி நூறு முறை எடுத்தால் ஏறத்தாழ 95 முறை, கிடைக்கும் விகிதம் உண்மை விகிதத்திலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காட்டுப் புள்ளி வரை முன்பின் இருக்கலாம். 400 பேரானால் 5 புள்ளி. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதே கணக்கு. உங்கள் 300 பேருக்குப் பிழை 6 புள்ளிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்.

ஆனால் ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒரு பெரிய தோட்டத்தின் வருகைப் பதிவேட்டை வாங்கி 300 பெயர்களைக் குறித்துக்கொள்வது எளிது. திருவட்டார், அருமனைப் பக்கம் ஒருவருடைய சிறு விளையில், அதாவது சொந்தச் சிறு தோட்டத்தில், கூலிக்குப் பால் வெட்டுபவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? அவரை விட்டுவிட்டு 3,000 பேரைக் கேட்டாலும் அவர் கதை வராது. 300 என்ற எண்ணின் மிடுக்கில் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்து, கேட்கும் விதம். ‘இந்த வேலையில் திருப்தி உண்டா?’ என்று நீங்கள் கேட்க, அவர் ‘கொள்ளாம்’ (நல்லது, பரவாயில்லை) என்கிறார் என்று வையுங்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் வகுத்த அளவுகோலில், ‘மிகுந்த திருப்தி’ முதல் ‘மிகுந்த அதிருப்தி’ வரையான ஐந்து கட்டங்களில் அதை எதில் குறிப்பீர்கள்? நம் ஊரில் அந்தச் சொல் உண்மையான பாராட்டாகவும் வரும், சலிப்பை மறைக்கும் மரியாதையாகவும் வரும். எது என்பதைக் குரல்தான் காட்டும். ‘மாத வருமானம்’ என்ற கட்டமும் அப்படித்தான். மழை பெய்தால் வெட்டில்லை, சில தோட்டங்களில் ஒட்டுப்பாலுக்கு, அதாவது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய பாலுக்கு, தனிக்கணக்கு. ஆனிக்கும் மாசிக்கும் ஒரே தொகையை எழுதச் சொன்னால் அவர் உங்களுக்காக ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார். விடியுமுன் கத்தியும் தலைவிளக்குமாகப் போய் வந்தவரை மாலையில் திண்ணையில் அமர்த்தி ஒரு மணி நேரம் பேசவிட்டால்தான், தன் மகனைத் தடுத்தது கூலியா, ஊராரின் பார்வையா, பெண் வீட்டார் கேட்ட கேள்வியா என்பது வெளிவரும்.

ஆகையால் முதலில் எட்டுப் பத்துப் பேரிடம் பேசுங்கள். அவர்கள் சொற்களிலேயே வினாப்பட்டியலை அமைத்து, பெரிய தோட்டம், சிறு விளை என இரு வகைக்கும் கொண்டுசெல்லுங்கள். பிறகு, எண்ணிக்கைக்குப் பொருந்தாத வீடுகளுக்கு, அதாவது மகனோ மகளோ இன்னும் பால் வெட்டும் வீடுகளுக்கு, மறுபடியும் போங்கள். உங்கள் ஆய்வில் சுவையான பகுதி அதுவாகத்தான் இருக்கும். நெறியாளரிடம் இதைக் ‘கலப்பு முறை’ என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டார்.

கேள்வி: 15 பேர் சொன்னதை வைத்து எழுதுவது வெறும் அபிப்பிராயம்தானே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: 15 பேரை வைத்து ‘தொழிலாளரில் 60 விழுக்காட்டினர்’ என்று எழுதினால் அபிப்பிராயம் கூட இல்லை, பிழை. பண்புசார் ஆய்வு விகிதம் சொல்வதற்கானதன்று. காரணங்களின் வகைகளைக் கண்டறிவதற்கானது. புதிதாகப் பேசுபவரிடமிருந்து புதிய காரணம் எதுவும் வராத செறிவு நிலை வரை பேச வேண்டும் என்ற கருத்தை 1967இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்தார்கள். அப்படிக் கண்டது வெறும் அபிப்பிராயமல்ல என்பதற்குச் சான்று களக்குறிப்புதான். 1948இல் மைசூர்ப் பகுதியின் ராம்புராவில் தங்கி ஆய்ந்த சமூக மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸின் தொகுத்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்போர்டில் தீயில் எரிந்தபோது, அவர் நினைவை நம்பி எழுத வேண்டியதாயிற்று. எனவே பேசிய அன்று இரவே எழுதி, அவர் சொன்னதை ஒரு பக்கமும் உங்களுக்குத் தோன்றியதை எதிர்ப்பக்கமுமாகப் பிரித்து, பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். உங்கள் முடிவை ஏற்காதவர் அந்த முதல் பக்கத்தைப் படித்து வாதிடட்டும்.