ஆன்லைன் மிடில் ஸ்கூலில் ஹோம்ரூம் டீச்சர் எதற்கு? கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் ஓர் ஆன்லைன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். கூடவே ஒரு ஹோம்ரூமும் என் பொறுப்பு. பிறந்து படித்தது திருநெல்வேலிப் பக்கம். பிள்ளையை ஆன்லைன் பள்ளியில் சேர்த்துவிட்டு முழிக்கிற தமிழ்ப் பெற்றோர் பலரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். என் பதிலைக் காட்டி உங்கள் பள்ளியோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோவிலிருந்து ஓர் அம்மா: பையன் ஆறாம் வகுப்பு. சேர்ந்த மறுநாளே "நான்தான் உங்கள் ஹோம்ரூம் டீச்சர்" என்று ஒருவர் மெயில் போட்டார். அவர் இவனுக்கு எந்தப் பாடமும் எடுப்பதில்லை. பாடம் எடுக்காத டீச்சர் எதற்கு அக்கா?

ஊரில் நமக்கு கிளாஸ் டீச்சர் இருந்தார் இல்லையா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பீரியடில் அட்டெண்டன்ஸ் எடுப்பார். யார் இரண்டு நாளாக வரவில்லை, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், யார் வீட்டில் பிரச்சினை என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரியும். இங்கே முகம் கிடையாது. அதனால் அந்த வேலையைத் தனியாகப் பிரித்து ஒருவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே டீச்சர். ஆறாம் வகுப்பில் திடீரென்று ஐந்தாறு பேர். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாடத்தின் மதிப்பெண்தான் கண்ணில் படும். கணக்கு டீச்சருக்கு ஒரு சைபர் தெரியும், அறிவியல் டீச்சருக்கு ஒரு சைபர் தெரியும். இரண்டு பேரும் "ஏதோ ஒரு நாள் விட்டுவிட்டான்" என்று நினைப்பார்கள். எனக்கு மட்டும்தான் எல்லாப் பாடமும் ஒரே திரையில் தெரியும். ஒரு பெண்ணுக்கு நான்கு பாடத்திலும் செவ்வாய்க்கிழமை வேலை மட்டும் விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஃபோன் செய்தேன். அம்மாவுக்கு அன்று மட்டும் பகல் ஷிஃப்ட், தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பாட டீச்சர் யாருமே கண்டுபிடித்திருக்க முடியாது. செவ்வாய் வேலையை வியாழனுக்குத் தள்ளினோம், முடிந்தது விஷயம்.

அப்புறம், ஒரு பாடம் மட்டும் தனியாக எடுக்கிற பிள்ளைக்கு ஹோம்ரூம் பெரும்பாலும் இருக்காது. முழுநேரமாகச் சேர்ந்தால்தான் உண்டு. சில பள்ளிகளில் இதே வேலைக்கு அட்வைசர் என்று பெயர்.

கேரியிலிருந்து ஓர் அப்பா: 2020-இல் கொரோனா நேரத்தில் எல்லாரும் செய்ததுதானே இது? அப்போது ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லையே.

அது வீடு தீப்பிடித்தபோது சாமானைத் தெருவில் வைத்த கதை. ஃப்ளோரிடா வர்ச்சுவல் ஸ்கூல் என்ற ஆன்லைன் அரசுப் பள்ளி 1997-இலேயே தொடங்கிவிட்டது. கனெக்ஷன்ஸ் அகாடமி, இப்போது ஸ்ட்ரைட் என்று பெயர் மாற்றிக்கொண்ட கே12, எல்லாமே 2000-ஐ ஒட்டி வந்தவை. பிள்ளை எதிரில் இல்லாதபோது யார் கவனிப்பது என்ற கேள்வியோடு இவர்கள் கொரோனாவுக்கு முன்பே இருபது வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஹோம்ரூம் டீச்சர் அதற்குக் கிடைத்த ஒரு பதில். முழுப் பதில் என்று சொல்லமாட்டேன்.

எடிசனிலிருந்து: என்னை "லேர்னிங் கோச்" என்று பதிந்திருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டில் மாமியார் இருக்கிறார், ஆங்கிலம் வராது. இது சரிப்படுமா?

லேர்னிங் கோச் என்றால் பாடம் சொல்லித் தருபவர் என்று பயந்துவிடாதீர்கள். வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் பெரியவர், அவ்வளவுதான். பல பள்ளிகளில் தாத்தா பாட்டியையும் பதிந்துகொள்ளலாம். அட்டெண்டன்ஸைப் பதிவது சில இடங்களில் லேர்னிங் கோச்சின் வேலை. அதை மட்டும் நீங்கள் இரவில் செய்துவிடுங்கள்.

ஆங்கிலம் இல்லாமலேயே பாட்டி செய்யக்கூடியது நிறைய. ஒன்பது மணிக்குக் குளித்து உட்கார்ந்தானா? மேஜையிலா, கட்டிலிலா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிரிக்கிறானா? கணக்கு வகுப்பில் அவ்வளவு சிரிப்பு வராது, நான் நடத்தினால்கூட வராது.

இன்னொன்று. பெற்றோருக்குப் புரிகிற மொழியில் முக்கியமான விஷயங்களைச் சொல்வது அரசுப் பள்ளியின் சட்டப்படியான கடமை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஹோம்ரூம் டீச்சரிடம் கேளுங்கள், ஃபோனில் ஏற்பாடு செய்வார்கள். உங்களிடம் காசு கேட்கக்கூடாது. தயவுசெய்து பையனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நான் கொடுத்த திட்டு பாட்டியிடம் பாராட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் எனக்கு ஃபோனிலேயே ஆசீர்வாதம் செய்தார்.

ஆல்ஃபரெட்டாவிலிருந்து: மகள் தினமும் லாகின் செய்கிறாள். ஆனாலும் "வருகை குறைவு" என்று கடிதம் வந்திருக்கிறது. எப்படி?

லாகின் வேறு, வருகை வேறு. சில பள்ளிகள் நேரலை வகுப்பில் இருந்தாயா என்று பார்க்கும். சில, அன்றைய வேலையை முடித்தாயா என்று பார்க்கும். சில, மணிக்கணக்கு கேட்கும். உங்கள் பள்ளி எதை எண்ணுகிறது என்று இன்றைக்கே ஹோம்ரூம் டீச்சரிடம் கேளுங்கள். கடிதம் வந்தபின் ஒரு வாரம் யோசிக்காதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் எல்லா மாநிலத்திலும் இருக்கிறது, ஆன்லைன் அரசுப் பள்ளியில் பதிந்த பிள்ளைக்கும் அது பொருந்தும்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். முதல் வருடம் ஒரு பையன். தினமும் ஹோம்ரூமில் சரியாக 8:30-க்கு சாட்டில் "ஹியர்" என்று போடுவான். நானும் டிக் அடித்துவிடுவேன். வேறு ஒரு வார்த்தை அவனிடமிருந்து வந்ததில்லை. அமைதியான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறான். அம்மா அப்பா பிரிந்த வீடு. அவனுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. அன்றிலிருந்து நான் "ஹியர்" வாங்குவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று தினம் ஒன்று கேட்பேன். பதில் "சீரியல்" என்று நான்கு நாள் தொடர்ந்து வந்தால் ஐந்தாம் நாள் ஃபோன் அடிப்பேன்.

டாம்பாவிலிருந்து: டிசம்பரில் மதுரை போகிறோம், இரண்டு மாதம். ஆன்லைன்தானே, அங்கிருந்தே படிக்கலாம் அல்லவா?

டிக்கெட் போடுவதற்கு முன் கேட்டதற்கு நன்றி. போட்டுவிட்டுத்தான் பலரும் கேட்பார்கள்.

இது அந்த மாநிலத்தின் அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளி, அங்கே வசிக்கிற பிள்ளைக்கு. வெளிநாட்டிலிருந்து லாகின் செய்வதைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. சில முன்அனுமதியோடு குறைந்த நாட்கள் விடும். சொல்லாமல் போய் வகுப்பு விட்டுப்போனால் பெயரையே நீக்கிவிடவும் கூடும். நேரமும் இருக்கிறது. குளிர்காலத்தில் டாம்பாவில் காலை 9 என்றால் மதுரையில் இரவு 7:30. கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு நடுவில் பின்னம் கற்றுக்கொள்ள முடியாது. விடுமுறையை ஒட்டி மூன்று வாரமாகக் குறைக்க முடியுமா பாருங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே ஹோம்ரூம் டீச்சருக்கு எழுதுங்கள்.

ஆஸ்டினிலிருந்து: ஆன்லைன் பள்ளி என்று சேர்த்தால், மாநிலப் பரீட்சைக்கு நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

வரத்தான் வேண்டும். மூன்றிலிருந்து எட்டாம் வகுப்புவரை வருடாவருடம் ஆங்கில வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைப்பது மத்தியச் சட்டம். மிடில் ஸ்கூல் மூன்று வருடமும் அதற்குள் வந்துவிடும். பெரும்பாலும் நேரில்தான் எழுத வைப்பார்கள். எந்த மையம், எந்தத் தேதி என்று சொல்வதும், நீங்கள் வராவிட்டால் துரத்துவதும் எங்கள் வேலை. வசந்த காலம் முழுக்க நான் பாதி டிராவல் ஏஜென்ட். ஒரு நல்லதும் உண்டு, பிள்ளைகளை நேரில் பார்க்கிற நாள் அது. திரையில் குட்டியாகத் தெரிந்தவன் என்னைவிட உயரமாக வந்து நிற்பான்.

ஒரு மாணவி, ஏழாம் வகுப்பு: மிஸ், ஹோம்ரூம் டீச்சரிடம் ஏதாவது சொன்னால் அம்மாகிட்ட சொல்லிடுவாங்களா?

கண்ணா, நேராகவே சொல்கிறேன். பாதிக்குப் பாதி.

ஃபிரெண்டோடு சண்டை, ஒரு பாடம் பிடிக்கவில்லை, கேமராவில் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை என்பதெல்லாம் நம் இருவருக்குள் இருக்கும். கேமரா பற்றி மட்டும் ஒன்று: எப்போதும் போட வேண்டாம், ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது தனியாக ஐந்து நிமிடம் உன் டீச்சரோடு போட்டுப் பேசு.

உன்னை யாராவது அடிக்கிறார்கள், தொடக்கூடாத மாதிரி தொடுகிறார்கள், அல்லது உனக்கே உன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அந்த மாதிரி கொடுமையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலே புகார் செய்ய வேண்டும் என்பது எல்லா மாநிலத்திலும் ஆசிரியர்களுக்குச் சட்டம். அது உன்னை மாட்டிவிட அல்ல. யாரிடம் சொல்லப் போகிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய முயற்சி செய்வேன். நள்ளிரவில் மனசு தாங்கவில்லை, எந்த டீச்சரும் முழித்திருக்கமாட்டார் என்றால் மனநெருக்கடி உதவி எண்ணான 988-க்கு ஃபோன் செய்யலாம், டெக்ஸ்டும் செய்யலாம்.

இன்னொரு உண்மை. பள்ளிக் கணக்கில் நீ எழுதுகிற மெயிலை பள்ளி பார்க்க முடியும். உன் பள்ளிப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அம்மா அப்பாவுக்கு 1974-இலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. பெரிய விஷயம் என்றால் எழுதாதே, "பேசணும் மிஸ்" என்று இரண்டு வார்த்தை போடு. மீதியை டீச்சர் பார்த்துக்கொள்வார்.

(இதைப் படிக்கிற அம்மாக்களுக்கு: அவள் உங்களிடம் சொல்லாததை என்னிடம் சொன்னால் கோபப்படாதீர்கள். யாரோ ஒரு பெரியவரிடம் சொன்னாளே.)

ஃப்ரீமான்டிலிருந்து ஓர் அப்பா: பையனால் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்குமோ என்று சந்தேகம். பள்ளியில் சொன்னால் முத்திரை குத்திவிடுவார்கள் என்று மனைவி பயப்படுகிறார்.

சார், இந்தப் பயம் நம் வீடுகளில் நிறையப் பார்க்கிறேன். வீட்டு விஷயம் வாசல் தாண்டக்கூடாது என்று மூடி வைப்போம். மூன்று பாடத்தில் எஃப் வந்தபின் ஓடி வருவோம். அப்போது அவனுக்குத் தானே முத்திரை குத்திக்கொண்டாயிற்று, "நான் மக்கு" என்று.

வழி இரண்டு. ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான 1973-ஆம் வருடச் சட்டத்தின் 504-ஆம் பிரிவில் வரும் 504 பிளான். கூடுதல் நேரம், நடுவில் எழுந்து நடக்க இடைவேளை போன்ற சலுகைகள் அதில் கிடைக்கும். தனிப்பட்ட சிறப்புப் பயிற்சியே தேவை என்றால் ஐ.இ.பி., அதாவது அந்தப் பிள்ளைக்கென்றே எழுதுகிற கல்வித் திட்டம். ஆன்லைன் அரசுப் பள்ளிக்கும் இரண்டும் பொருந்தும். "என் மகனை மதிப்பீடு செய்யுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு. வாயால் சொன்னது காற்றோடு போகும். ஐ.இ.பி. மதிப்பீட்டுக்கு நீங்கள் கையெழுத்திட்டுச் சம்மதித்த நாளிலிருந்து 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. மாநிலம் வேறு கெடு வைத்திருந்தால் அதுதான் கணக்கு. டாக்டர் சீட்டு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஹோம்ரூம் டீச்சருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கூட்டத்தில் ஆறு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், பையனைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மகனின் சில அசைன்மென்ட்டுகளை நானே முடித்துக் கொடுத்துவிட்டேன். டீச்சருக்குத் தெரியுமா?

தெரியும். பன்னிரண்டு வயதுப் பையன் "கீழ்க்கண்டவாறு பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்" என்கிற தொனியில் ஆங்கிலம் எழுதமாட்டான். நிறுத்திவிட்டு, எந்த இடத்தில் திணறுகிறான் என்று மட்டும் எழுதுங்கள். நான் உங்களை மாட்டிவிடமாட்டேன்.

சிகாகோ பக்கம், ஓர் அம்மா: மகளுக்குத் தோழிகளே இல்லை. ஹோம்ரூமில் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

கொஞ்சம் முடியும். நாலு பேரைத் தனி அறையில் விட்டு "பழகுங்கள்" என்றால் நாலும் மியூட்டில் இருக்கும், அது எல்லா டீச்சருக்கும் தெரிந்த சோகம். கையில் ஒரு வேலை வேண்டும். நாலு பேரும் சேர்ந்து ஒரு படம் வரையட்டும், இல்லை அவரவர் வீட்டுப் பூனையைக் காட்டட்டும். மதியம் கேமரா போட்டுச் சாப்பிடுகிற அறை ஒன்று என்னிடம் உண்டு, ஒருத்தி இட்லியைக் காட்டப்போய் பேச்சு தொடங்கியது. உங்கள் மகளுக்கு எது பிடிக்கும் என்று டீச்சருக்கு எழுதுங்கள். அதே பைத்தியம் உள்ள இன்னொரு பிள்ளை யார் என்று அவருக்குத்தான் தெரியும். ஆனால் இது போதாது. நீச்சல், தமிழ்ப் பள்ளி, நூலகம் என்று வாரத்தில் இரண்டு நாள் வெளியே அனுப்பியே ஆக வேண்டும்.

கடைசியாக, ஃபிரிஸ்கோ அம்மாவே மறுபடியும்: மே மாதம் டீச்சர்களுக்கு நன்றி சொல்கிற வாரம் வருகிறதாமே. நேரில் பார்க்காத டீச்சருக்கு என்ன கொடுப்பது அக்கா?

கிஃப்ட் கார்டு வேண்டாம். பையன் கையால் இரண்டு வரி எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரின்சிபாலுக்கும் ஒரு காப்பி போடுங்கள். முறுக்கு சுட்டால் தகவல் மட்டும் சொல்லுங்கள், மாநிலப் பரீட்சை மையத்துக்கு நானே வருவேன்.