ஊசியே போடவில்லையே, எப்படி வந்தது?

(சேலத்தில், எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்ற ‘அக்கா’ வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. கடிதம் எழுதியவர்களின் பெயரும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

அக்கா, என் தம்பி அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறான். வயது 31. போன மாதம் போனில் அழுதுகொண்டே சொன்னான், எச்.ஐ.வி. வந்திருக்கிறதாம். அங்கே நண்பர்களோடு சனி ஞாயிறுகளில் கோகெய்ன் எடுக்க ஆரம்பித்து, அப்புறம் கிராக் என்று எதையோ கண்ணாடிக் குழாயில் வைத்துப் புகைக்கிற அளவுக்குப் போய்விட்டான். “சத்தியமா ஊசி போட்டதே இல்லக்கா” என்கிறான். ஊசி போடாமல் எப்படி வரும்? என்னிடம் பொய் சொல்கிறானா? இது தெரியாமல் அம்மா இங்கே ஜாதகம் வாங்கி வைத்துக்கொண்டு தையில் கல்யாணம் என்கிறார். அம்மாவிடம் சொல்வதா? அவன் விசா என்னவாகும்?
– பெயர் வேண்டாம், அம்மாப்பேட்டை

உங்கள் தம்பி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எச்.ஐ.வி.யையும் போதையையும் சேர்த்துச் சொன்னாலே நமக்கு ஊசிதான் ஞாபகம் வருகிறது. கிராக் (புகைப்பதற்காகச் சின்னக் கல்லாக ஆக்கிய கோகெய்ன்) விஷயத்தில் ஊசி தேவையே இல்லை என்று அமெரிக்க மருத்துவர்கள் 30 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். நியூயார்க், மயாமி, சான் ஃபிரான்சிஸ்கோ ஆகிய 3 நகரங்களில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்து, 1994இல் முடிவை வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஊசியே போடாதவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது, கிராக் புகைத்தவர்களில் நூற்றுக்கு 15.7 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. புகைக்காதவர்களில் 5.2 பேருக்குத்தான். மூன்று மடங்கு.

புகையில் கிருமி வருவதில்லை. அந்தப் போதையின் குணம்தான் காரணம். புகைத்த சில நொடிகளில் உச்சிக்கு ஏறும், ஐந்து பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். இறங்கியதுமே மறுபடி வேண்டும் என்று உடம்பு பிடுங்கும். கஞ்சா அடித்தவர் சுருண்டு படுத்துவிடுவார், இவரால் படுக்க முடியாது. ராத்திரி முழுக்க அதே வேலையாக இருப்பார். கையில் இருக்கும் காசு தீர்ந்தபின் அடுத்த கல்லுக்கு என்ன செய்வது? அங்கேதான் உடலுறவு வருகிறது. காசுக்காக, கல்லுக்காக, அல்லது அந்த நேரத்து வெறிக்காக. யாரோடு என்று யோசிப்பதும் இல்லை, ஆணுறையை நினைப்பதும் இல்லை. அதே ஆய்வில், பணத்துக்கோ போதைக்கோ சமீபத்தில் ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட பெண்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிருமி இருந்தது. ஆண்களோடு உறவு கொண்ட ஆண்களில் 43 பேருக்கு. சிஃபிலிஸ், ஹெர்பிஸ் புண்கள் ஏற்கெனவே இருந்தால் கிருமி நுழைவது இன்னும் சுலபம். சூடான கண்ணாடிக் குழாய் உதட்டைச் சுட்டு வெடிக்க வைக்கும், வாயில் புண் வரும். இது சின்ன வழிதான், ஆனாலும் வழி.

ஆக, தம்பி உங்களிடம் சொல்லாமல் விட்ட பாதி என்ன என்று உங்களுக்கே புரியும். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். “யாரு? எப்போ? பொண்ணா, பையனா?” என்று அக்காமார்கள் விசாரணை நடத்தியதில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்ட தம்பிகளை எனக்குத் தெரியும். ஊசி போடவில்லை என்று உங்களிடம் சத்தியம் செய்கிறான் என்றால், உங்கள் கண்ணில் கெட்டவனாகிவிடக் கூடாது என்று பயப்படுகிறான். அந்தப் பயம் இருக்கிறவரை பேச்சு இருக்கும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “மாத்திரை ஆரம்பிச்சிட்டியா?” இப்போது பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. ஒழுங்காகப் போட்டால் சில மாதங்களில் ரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் தொடர்ந்து இருக்கிறவரிடமிருந்து உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, ஆயிரக்கணக்கான ஜோடிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து நிரூபித்தது.

ஆனால் கிராக் விடாமல் மாத்திரை மட்டும் போட்டால் போதுமா என்று கேட்டால், போதாது. மயாமியில் எச்.ஐ.வி. உள்ள போதைப் பழக்கக்காரர்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், கிராக் புகைத்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே விழும் வாய்ப்பு இரண்டு மடங்காக இருந்தது. மாத்திரை எடுப்பதைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் அப்படித்தான். இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் அவன் இன்னொன்று செய்வான்: புகைத்த அன்றைக்கு மாத்திரையைத் தள்ளிவிடுவான். நம் ஊரில் குடிக்கிறவர்கள் இதைத்தான் செய்வார்கள். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த சங்ககிரி லாரி டிரைவர்கள் எத்தனையோ பேர், “ஞாயித்துக்கிழமை மட்டும் போட மாட்டேன் மேடம், சரக்கோட சேர்ந்தா விஷமாயிடும்ல” என்று பொறுப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்! புகைத்தாலும் சரி, குடித்தாலும் சரி, அன்றைக்கும் மாத்திரை போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். இதைத் தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள்.

கிராக்கை விடுவிக்க, ஹெராயினுக்கு இருப்பதுபோல் மாற்று மாத்திரை கிடையாது. பேச்சு வழிச் சிகிச்சையும், போதை இல்லாமல் இருந்த வாரங்களுக்குச் சின்னச் சின்னப் பரிசு தரும் முறையும்தான் அங்கே ஓரளவு பலன் தந்திருக்கின்றன. எச்.ஐ.வி. பார்க்கும் அதே டாக்டரிடம் கிராக் பற்றியும் சொன்னால் வழிகாட்டுவார். மறைத்தால் அரை வைத்தியம்தான்.

விசா: எச்.ஐ.வி. இருப்பவர்களை அமெரிக்கா 1987 முதல் தடுத்து வைத்திருந்தது உண்மை. அந்தத் தடை 2010 ஜனவரி 4 அன்று நீங்கிவிட்டது. அதனால் கிருமியை நினைத்துப் பயம் வேண்டாம். போதைப் பழக்கம் வேறு கதை. கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் அது தெரிந்தால் சிக்கல் வரும். அதற்கு அங்கே ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும், என்னையோ வாட்ஸ்அப் மாமாக்களையோ அல்ல.

கடைசியாகக் கல்யாணம். அம்மாவிடம் சொல்வதா என்று முடிவு செய்ய வேண்டியது அவன், நீங்கள் இல்லை. அதற்காகத் தையில் தாலி கட்டவும் விடாதீர்கள். “இந்த வருஷம் வேண்டாம்னு நீயே அம்மாகிட்ட சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்று அவனிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, கிருமி இல்லாத பிள்ளைகளோடு நம் சேலத்திலேயே இருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் நாட்டுச் சட்டமும் கிருமி அடுத்தவருக்குப் பரவாமல் பார்த்துக்கொள்வதை எச்.ஐ.வி. உள்ளவரின் கடமையாகத்தான் வைத்திருக்கிறது, உறவுக்கு முன் துணையிடம் சொல்வதும் அதற்கு ஒரு வழி என்கிறது. ஜாதகத்தில் எல்லாப் பொருத்தமும் பார்த்துவிட்டு இதை மட்டும் மறைப்பது ஒரு பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

நாங்கள் நாலு நண்பர்கள். கிராக் எல்லாம் நமக்கு எட்டாது. வலி மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து ஊசியில் ஏற்றுவோம். ஒரே சிரிஞ்சுதான், ஆனால் கழுவிவிட்டுத்தான் போடுவோம். எல்லாரும் நல்ல ஆரோக்கியமாகத்தான் இருக்கிறோம். ஒரு மாதமாக நான் விட்டுவிட்டேன். டெஸ்ட் எடுத்தால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா?
– கொண்டலாம்பட்டி

சொல்ல மாட்டார்கள், தம்பி. நம்பிக்கை மையத்தில் நடப்பது உங்களுக்கும் ஆலோசகருக்கும் நடுவில். ஆதார் இல்லை என்றும் யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. விரலிலோ கையிலோ கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், பெரும்பாலும் அன்றைக்கே முடிவு தெரியும். இலவசம். போவதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், தமிழில் பேசலாம்.

‘ஆரோக்கியமாக இருக்கிறோம்’ என்பது ஒரு கணக்கே இல்லை. எச்.ஐ.வி. பல வருஷம் ஒரு தும்மல்கூட இல்லாமல் உள்ளே இருக்கும். தண்ணீரில் அலசியதால் சிரிஞ்சு சுத்தமாவதும் இல்லை. சிரிஞ்சு மட்டுமா? மாத்திரை கரைத்த ஸ்பூன், வடிகட்டின பஞ்சு, அந்தத் தண்ணீர் எல்லாவற்றிலும் ரத்தம் ஒட்டியிருக்கும். அந்த வழியில் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாக வருவது ஹெபடைடிஸ் சி. நாலு பேரும் அதற்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வந்திருந்தால், பெரும்பாலும் 12 வார மாத்திரையில் முழுதாகக் குணமாகும் வியாதி அது. அரசு மருத்துவமனையில் மருந்துக்குக் காசில்லை.

இப்போதே ஒரு சோதனை, கடைசியாக ஊசி போட்ட நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொன்று. முதல் சோதனையில் இல்லை என்று வந்ததைக் கொண்டாடி இரண்டாவதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

டாபென்டடால் போன்ற அந்த மாத்திரைகள் விழுங்குவதற்காகச் செய்தவை. அதில் உருண்டை பிடிக்கச் சேர்க்கும் மாவு நரம்பிலும் நுரையீரலிலும் போய் அடைக்கும். கையில் வீக்கம், சீழ் இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள், கையையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் உண்டு. விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். மறுபடி கை அரித்தால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண் இருக்கிறது. மற்ற மூன்று பேரில் யாராவது விடமாட்டேன் என்றால், ஆளுக்கொரு புது சிரிஞ்சாவது வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஏற்காட்டில் காட்டேஜ் ரூம் சுத்தம் செய்யும் வேலை. வெள்ளி, சனிக்கிழமை வந்தால் காலேஜ் பசங்க கூட்டம். போன வாரம் மெத்தை விரிப்பை உதறும்போது ஒரு ஊசி கையில் குத்திவிட்டது. மேனேஜர் டெட்டால் போட்டுக் கழுவச் சொன்னார். ராத்திரி தூக்கமே இல்லை, அக்கா.
– பெயர் வேண்டாம், ஏற்காடு

முதலில் தூங்குங்கள், கண்ணு. கீழே கிடந்த ஊசி குத்தி எச்.ஐ.வி. வருவது மிக மிக அபூர்வம். காய்ந்த ரத்தத்தில் அந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது. என்றாலும் அன்றைக்கே போயிருக்க வேண்டும். குத்திய 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையை ஆரம்பித்து 28 நாள் போடலாம், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. இப்போது செய்ய வேண்டியது: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி சோதனை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, டி.டி. ஊசி. ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கே எல்லாம் கிடைக்காவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை.

இனிமேல் குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால் போதும். பிதுக்க வேண்டாம், டெட்டால் வேண்டாம். மேனேஜரிடம் கெட்டியான ரப்பர் கையுறையும், ஊசியைப் போட மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பாவும் கேளுங்கள். ஒரு ராத்திரி ரூம் வாடகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. விரிப்பை உதறாதீர்கள், நாலு பக்கமும் மடித்து எடுங்கள்.

ஒரே சிலும்பியில் நாலு பேர் கஞ்சா இழுத்தால் எச்.ஐ.வி. வருமா?
– அஸ்தம்பட்டி

வராது. காசநோய் வரலாம். மூடின ரூமில் நாலு பேர் இருமிக்கொண்டிருந்தால் அது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

லீ பஜாரில் மண்டி வைத்திருக்கிறேன். மூட்டை தூக்கும் பையன் ஒருவன் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்குவதாக இன்னொருவன் வந்து சொன்னான். போதை ஊசி போட்டு வந்ததாம். எல்லாரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடிக்கிறார்கள். நிறுத்திவிடலாமா? கெட்டுப்போனவனுக்கு நம் வரிப்பணத்தில் இலவச மருந்து எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை.
– வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை

நிறுத்த முடியாது, அண்ணா. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்புவதை 2017ஆம் வருஷச் சட்டம் தடை செய்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சொம்பில் பரவாது, வியர்வையில் பரவாது, ஒரே மூட்டையை இரண்டு பேர் தூக்கினால் பரவாது.

வரிப்பணக் கேள்விக்கு வருகிறேன். நாட்டில் முதன்முதலில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே நம் சென்னையில்தான், 1986இல். 2004 ஏப்ரல் 1 அன்றுதான் அரசாங்கம் இலவச மருந்தைத் தொடங்கியது. நடுவில் இருந்த அந்தப் பதினெட்டு வருஷத்தில் காசிருந்தவர்கள் மட்டும் மருந்து வாங்கினார்கள். மற்றவர்களை நாங்கள் பேர் எழுதி, ஆறுதல் சொல்லி அனுப்பினோம். அவர்கள் வீட்டுக்குப் போய் மனைவிக்கும், மனைவி மூலம் பிள்ளைக்கும் கொடுத்தார்கள். இப்போது உங்கள் பையன் ஒழுங்காக மாத்திரை போட்டு, கிருமி சோதனைக்கு அகப்படாத அளவில் இருக்கிறவரை, உடலுறவு மூலம் அவனிடமிருந்து அது யாருக்கும் போகாது. நீங்கள் கட்டும் வரியில் இதைவிட உருப்படியாகச் செலவாவது எது என்று நீங்களே சொல்லுங்கள். வியாபாரி நீங்கள், கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உங்களிடம் வந்து சொன்னவனைக் கூப்பிட்டு வாயை மூடச் சொல்லுங்கள், இன்னொருவரின் நோயை ஊரெல்லாம் சொல்வதும் சட்டப்படி தப்பு. அந்தப் பையனிடம் எதுவும் கேட்க வேண்டாம். மாதத்தில் ஒருநாள் காலையில் மருந்து வாங்க வரிசையில் நிற்கப் போவான், உங்களிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருப்பான். அன்றைக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.