தூக்கி எறியப்படும் பாட்டில் மூடிகள் எப்படிக் கலைப்படைப்பாகின்றன?

1944-இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் சிற்பம் கற்பித்த எல் அனாட்சுயி இக்கேள்விக்குச் சிறந்த சான்று. 1990-களின் இறுதியில், மதுபாட்டில் மூடிகள் நிறைந்த ஒரு பை வழியோரத்தில் கிடப்பதைக் கண்டு, அதைத் தம் பட்டறைக்கு எடுத்துவந்தார்.

அங்கே உதவியாளர்கள் ஒவ்வொரு அலுமினிய மூடியையும் தட்டியோ மடித்தோ முறுக்கியோ, ஓரங்களில் துளையிட்டு மெல்லிய செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் அந்த உலோகம் பட்டுப்போல மடிந்து தொங்குகிறது. தூரத்தில் பொன்னாடையாகத் தெரிவது, அருகில் சென்றால் மது வகைகளின் பெயர் அச்சிட்ட தகடுகளாகிவிடும். அவருடைய தந்தை கென்டே என்னும் கானாவின் பாரம்பரிய வண்ணத் துணி நெய்தவர் என்பதால் பலர் இவற்றை நெசவாகவே பார்க்கிறார்கள். ஆனால் மூடியைத் தேர்ந்ததில்தான் அவருடைய கூர்மை இருப்பதாக நான் கருதுகிறேன்: ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்த வணிகச் சரக்குகளில் மதுவும் ஒன்று, அவ்வணிகமோ அடிமை வியாபாரத்தோடு பின்னிக்கிடந்தது.

இன்னொன்று, படைப்புக்கு நிலையான வடிவமில்லை. எங்கே மடிப்பது என்பதைப் பெரும்பாலும் தொங்கவிடுபவர்களிடமே விட்டுவிடுகிறார். 2015-இல், இத்தாலியின் வெனிஸ் நகரில் நடக்கும் சர்வதேசக் கலைக்கண்காட்சியான வெனிஸ் பியனாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதளித்தது.