விலா தெரியும் மாடும் கொழுகொழு மாடும்

கேள்வி: பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டோடு இரண்டு பால் மாடுகள், இரண்டும் கலப்பினம். பெரியது கன்று போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு 9 லிட்டர் வரை கறக்கிறது. ஆனால் விலா தெரிகிறது. "மாட்டைப் பட்டினி போடுறியா?" என்று மாமியார் கேட்கிறார். சின்னது ஏழு மாதச் சினை, இன்னும் கொஞ்சம் பால் தருகிறது. கொழுகொழுவென்று இருப்பதால் வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் மெச்சுகிறார்கள். பெரியதையும் அப்படித் தேற்ற என்ன போடலாம்?

பதில்: பெரியதை அப்படித் தேற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்குச் சின்னதைப் பற்றித்தான் யோசனை வருகிறது.

கன்று போட்ட மாட்டுக்குப் பால் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். தீனி எடுக்கும் அளவு உச்சத்துக்கு வர பத்துப் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். இடைப்பட்ட நாளில் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. ஆகவே இரண்டாம் மாதத்தில் கறவை மாடு இளைத்திருப்பது இயல்பு. எவ்வளவு இளைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அதை விலாவும் சொல்லாது, வயிறும் சொல்லாது. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது நல்ல கறவைக்கு உள்ளதுதான். வயிறு பெரிதாக இருந்தால் புல்லும் தண்ணீரும் நிறைய உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். இடது பக்கம் கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே தெரியும் பள்ளம் காலையில் ஆழமாக இருந்தால் ராத்திரி தீனி பற்றவில்லை என்று அர்த்தம். உடம்பில் சதைப்பிடிப்பு உண்டா இல்லையா என்பதற்கு அது அளவுகோல் இல்லை.

கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, விலா முடிந்து இடுப்பு எலும்பு தொடங்குவதற்கு முன், முதுகுத்தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை எலும்புகள். உள்ளங்கையை அதன் மேல் வைத்து நுனியை விரலால் அழுத்துங்கள். தொட்டதுமே ஒவ்வொரு நுனியும் கூராகக் குத்தினால் மாடு மெலிவு. கொஞ்சம் அழுத்தினால் தட்டுப்படுகிறது, நுனி மழுங்கியிருக்கிறது என்றால் சரியான உடம்பு. எவ்வளவு அழுத்தினாலும் எலும்பு தெரியவில்லை என்றால் கொழுப்பு ஏறிவிட்டது. இரண்டாவது இடம் வாலடி. வாலுக்கு இரு பக்கமும் ஆழமான குழி இருந்தால் மெலிவு. குழியே இல்லாமல் மெத்தென்று கொழுப்புத் திரண்டிருந்தால் மிகை.

கால்நடை மருத்துவர்கள் இதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 1 எலும்பும் தோலும், 5 கொழுத்துப்போனது. கன்று போடும் நாளில் 3 முதல் 3.5 இருக்க வேண்டும். பிறகு அரை மதிப்பெண் வரை இறங்கலாம், 2.5க்குக் கீழே போகவிடக் கூடாது. போனால் பருவத்துக்கு வருவது தள்ளிப்போகும், சினை ஊசி போட்டாலும் சினை நிற்பது சிரமம். படத்தில் பார்த்து மதிப்பெண் போடும் முறையெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பியக் கறவை இனமான கலப்பில்லாத ஃப்ரீசியன் மாட்டை வைத்து வந்தது. நம் பக்கத்து மாடுகளில் சாஹிவால் என்ற திமில் மாட்டு இனத்தின் ரத்தம் இருப்பதால் பின்பக்கம் சரிவாக இருக்கும், கண்ணால் பார்த்தால் மெலிவு போலத் தோன்றும். அதனால்தான் கையை நம்புங்கள் என்கிறேன். மாதம் ஒரு தடவை, ஒரே ஆள் தொட்டுப் பார்த்து, வீட்டுக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

இனி தீனி. முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள் முனையிலிருந்து வாலடிப் பக்கம் துருத்தும் பின் முனை எலும்பு வரையுள்ள நீளத்தால் (இதுவும் அங்குலத்தில்) பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 58 என்றால் சுமார் 380 கிலோ. இந்த மாட்டுக்கு ஒரு நாளைக்கு உலர் கணக்கில், அதாவது தீனியிலுள்ள தண்ணீரைக் கழித்துவிட்டு, 11, 12 கிலோ தீனி வேண்டும். பச்சை நேப்பியர் புல்லில் பெரும்பகுதி தண்ணீர்தான். 40 கிலோ வெட்டிப் போட்டாலும் உலர் கணக்கில் ஏழு எட்டு கிலோவுக்கு மேல் தேறாது. மீதியைச் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தால் நிரப்ப வேண்டும். உடம்புக்கு ஒரு கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று வைத்தால், 9 லிட்டருக்கு ஏறக்குறைய நாலரை கிலோ வருகிறது. அதைக் காலை மாலை பிரித்துக் கொடுங்கள். இப்போது இரண்டு கிலோதான் கொடுக்கிறீர்கள் என்றால் நாளைக்கே நாலரைக்கு ஏற்றாதீர்கள். பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள்.

செம்பனைப் புண்ணாக்கில் புரதம் 15 விழுக்காடு அளவில் இருக்கிறது, மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. கறவைக்குத் தாது உப்புத் தூள் கலந்தே ஆக வேண்டும். பூஞ்சை பிடித்து மக்கிய வாடை அடிக்கும் மூட்டையை விலை குறைவு என்று வாங்காதீர்கள். (பக்கத்து வீட்டில் செம்மறி ஆடு இருந்தால் இதை அள்ளிக் கொடுக்க விடாதீர்கள். இதிலுள்ள செம்புச் சத்து செம்மறியின் ஈரலைக் கெடுத்துவிடும்.) சோயா சக்கை கிடைத்தால் போடலாம், அன்றே தீர்ந்துவிட வேண்டும். நேப்பியரை ஆறு வாரத்தில் வெட்டுங்கள். ஆள் உயரம் வளர்ந்தால் மாடு தண்டை ஒதுக்கிவிடும். செம்பனை வரிசையில் புல் அறுப்பதானால் அங்கே எப்போது மருந்தடித்தார்கள் என்று மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்காமல் அறுக்க வேண்டாம். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்கட்டும். இந்த வெயிலில் கறவை மாடு ஒரு நாளைக்கு 60 லிட்டர் வரைகூடக் குடிக்கும்.

சின்னதுக்கு வருவோம். ஏழு மாதம் என்றால் பாலை வற்றவிட வேண்டிய நேரம் இதுதான். கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு வேண்டும். குட்டை எலும்பு தட்டுப்படவே இல்லை, வாலடி மெத்தென்று இருக்கிறது என்றால் அது 4ஐத் தாண்டிவிட்டது. இப்படிக் கொழுத்த மாட்டுக்குக் கன்று வெளியே வருவது சிரமம், நஞ்சுக்கொடி தங்கலாம். அதைவிடப் பெரிய சங்கடம், ஈன்றதும் தீனி எடுக்காது. உடம்புக் கொழுப்பு மளமளவென்று கரைந்து ஈரலில் போய்த் தங்கும், பால் சரியும். இதற்குப் பயந்து இப்போது பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் கூடாது. அதே கோளாறு முன்கூட்டியே வந்துவிடும். புண்ணாக்கை ஒரு கிலோவுக்குக் குறைத்து, கொஞ்சம் முற்றிய புல்லை வயிறு நிறையப் போட்டு, இருக்கிற உடம்பை இருக்கிறபடி வைத்திருங்கள். கறவைக்கான தாது உப்பைக் கடைசி மூன்று வாரம் இதற்குக் கொடுக்க வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அப்போது மிகுந்தால் ஈன்ற பிறகு பால் சுரம் (ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சட்டென்று குறைந்துபோகும் நோய்) வந்து மாடு படுத்துவிடலாம்.

பெரியதைத் தொட்டுப் பார்த்து 2.5க்குக் கீழே இருந்து, தீனி ஏற்றி ஒரு மாதமாகியும் தேறவில்லை என்றால் விஷயம் வேறு. கழிச்சல், கண் இமையின் உட்பக்கம் வெளுப்பு, தாடைக்கு அடியில் நீர் கோத்த வீக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் குடற்புழுவோ ஈரல் புழுவோ இருக்கலாம். சாணத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போய்ப் பரிசோதித்த பிறகு மருந்து கொடுங்கள். எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் அங்கேயே கேட்டு வாருங்கள்.