வாசகர் கேள்வி–பதில்: கொயிம்ப்ரா டியூக் பெட்ரோ

சென்ற இதழில் கடலோடி ஹென்றியைப் பற்றி எழுதியபோது அவருடைய அண்ணன் பெட்ரோவின் பெயர் இரண்டே வரிகளில் வந்து போனது. அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: யார் இந்த பெட்ரோ? தேடிப் பார்த்தால் போர்ச்சுகல் வரலாற்றில் நாலைந்து பெட்ரோக்கள் வருகிறார்களே!

பதில்: குழப்பம் நியாயமானதுதான். இனெஸ் த கஸ்த்ரோவின் காதலர் என்று பெயர் பெற்ற அரசர் முதலாம் பெட்ரோ 1367இல் இறந்தவர், நம்மவருக்குத் தாத்தா. அதற்கும் முன்னால், 1354இல் மறைந்த பார்செலோஸ் பிரபு பெட்ரோ என்பவர் வேறு. நம்மவரின் மூத்த மகனுக்கும் பெட்ரோ என்றே பெயர். அவர் நாட்டின் படைத்தலைவர் பதவியில் இருந்தவர்.

நாம் பேசுவது 1392 டிசம்பர் 9 அன்று லிஸ்பனில் பிறந்த பெட்ரோவைப் பற்றி. தந்தை அவிஸ் வம்சத்தைத் தொடங்கிய முதலாம் ஜொவாவோ. தாய் இங்கிலாந்தின் லங்காஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்த பிலிப்பா. அண்ணன் துவார்த்தே (பிறப்பு 1391), அடுத்து இவர், பிறகு ஹென்றி (1394), இசபெல் (1397), ஜொவாவோ (1400), பெர்னாந்து (1402). இவர்களோடு தந்தைக்கு மணத்துக்கு வெளியே பிறந்த மூத்த மகன் அஃபோன்சோவையும் நினைவில் வையுங்கள். அவர் பார்செலோஸ் பிரபு. பின்னால் பிரகான்சா டியூக். கதையின் முடிச்சு அவரிடம்தான் இருக்கிறது.

1415 ஆகஸ்ட் 21 அன்று வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைப் பிடித்ததும், அங்கேயே சகோதரர்களுக்கு வீரப்பட்டம் சூட்டப்பட்டது. ஊர் திரும்பியதும் பெட்ரோ கொயிம்ப்ராவுக்கும் ஹென்றி விசேயுவுக்கும் டியூக் ஆனார்கள். போர்ச்சுகலில் டியூக் பட்டம் கொடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

கேள்வி: பழைய ஆவணங்களில் இவருடைய பிறந்த ஆண்டு 1430 என்று வரும் என்கிறார்களே, எப்படி?

பதில்: 1422 வரை போர்ச்சுகலில் புழங்கியது சீசர் சகாப்தம் என்ற பழைய ஆண்டுக்கணக்கு. அதிலிருந்து 38 ஆண்டுகளைக் கழித்தால் இன்றைய ஆண்டு கிடைக்கும்: 1430–38 = 1392. 1422இல் அரசர் ஜொவாவோ கிறிஸ்து சகாப்தத்துக்கு மாறச் சொன்னார். அதற்குப் பிந்தைய ஆவணத்தில் 38ஐக் கழிக்கக் கூடாது. கழித்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு.

கேள்வி: “உலகத்தின் ஏழு பாகங்களையும் சுற்றியவர்” என்று இவரைச் சொல்கிறார்கள். எருசலேம், கிழக்கே எங்கோ ஆள்வதாக நம்பப்பட்ட கற்பனைக் கிறிஸ்தவ அரசர் பிரெஸ்டர் ஜானின் நாடு வரை போனாராமே?

பதில்: போகவில்லை. அது அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய மொழியில் அச்சாகிப் பரவிய ஒரு கற்பனைக் கதையால் வந்த புகழ். உண்மைப் பயணமும் சாதாரணமானதல்ல. 1425இல் புறப்பட்டு 1428இல் திரும்பினார். முதலில் தாய்வழி உறவினர் ஆண்ட இங்கிலாந்து, பிறகு ஃபிளாண்டர்ஸ், அங்கிருந்து, பின்னாளில் பேரரசரான ஜெர்மனி, ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்டின் நாடுகள். இந்த அரசர் 1418லேயே இத்தாலியின் திரெவீசோ எல்லைப்பகுதியை இவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த ஊர் வெனிஸின் கையில் இருந்ததால் பட்டயம் மட்டுமே மிச்சம்.

1428இல் வெனிஸ் அவரை விமரிசையாக வரவேற்றது. அப்போது மார்க்கோ போலோவின் பயண நூல் பிரதி ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது என்று, 1502இல் அந்நூலைப் போர்ச்சுகீசிய மொழியில் லிஸ்பனில் அச்சிட்ட வலெந்திம் ஃபெர்னாந்தஸ் தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ரோமில் போப் ஐந்தாம் மார்ட்டினைச் சந்தித்துவிட்டு, இன்றைய ஸ்பெயினின் கிழக்கில் இருந்த ஆரகான் அரசு வழியாக நாடு திரும்பினார். அந்த வழியில் அமைந்த சம்பந்தம்தான் உர்ஹெல் பிரபுவின் மகள் இசபெல். அவளுடைய தந்தை 1412இல் ஆரகான் அரியணைப் போட்டியில் தோற்றவர். இந்தத் திருமணத்தின் அரசியல் கனத்தைப் பின்னால் பார்ப்போம்.

கேள்வி: அந்தப் பயணத்தால் நாட்டுக்கு என்ன லாபம்?

பதில்: ஒரு கடிதம். ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) ப்ரூஜ் நகரிலிருந்து, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த அண்ணன் துவார்த்தேவுக்கு எழுதியது. 15ஆம் நூற்றாண்டு அரசியலை உள்ளிருந்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். புகழ்ச்சிக்கு அதில் இடமே இல்லை, குறைகளாக அடுக்குகிறார். குருமார்கள் தகுதியில்லாமல் நியமிக்கப்படுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ் முறையில் கல்லூரி இல்லங்கள் அமைத்து ஏழை மாணவர்களைத் தங்கவைக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்குகள் இழுக்கின்றன. தீர்ப்பு வந்தாலும் நிறைவேறுவதில்லை. அரண்மனையையும் பிரபுக்களின் வீடுகளையும் அண்டிப் பிழைப்பவர்கள் பெருகிவிட்டதால் உழைக்கும் கை குறைகிறது.

எல்லாவற்றுக்கும் மேல் சியூட்டா. ஆளையும் ஆயுதத்தையும் பணத்தையும் விழுங்கும் சாக்கடைக்குழி என்கிறார். தமக்கு வீரப்பட்டம் தந்த வெற்றியையே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கணக்குப் போட்டு இப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த ஊரைச் சுற்றிலும் எதிரி நிலம். தானியம் முதல் எல்லாம் கப்பலில் போக வேண்டும். முன்பு அங்கே வந்துகொண்டிருந்த வணிகம் வேறு துறைமுகங்களுக்குத் திரும்பிவிட்டது. செலவு நிரந்தரம், வரவு இல்லை.

கேள்வி: அப்படியானால் 1437 தான்ஜியர் படையெடுப்பை ஏன் தடுக்கவில்லை? தம்பி பெர்னாந்துவை மொராக்கோவில் சாகவிட்டவர் என்ற பழி உண்மையா?

பதில்: எதிர்த்தார், எடுபடவில்லை. ஹென்றியின் விருப்பம் வென்றது. முற்றுகையிடப் போன படையே முற்றுகைக்குள் சிக்கியது. சியூட்டாவைத் திருப்பித் தருவோம் என்று ஒப்பந்தம் எழுதி, பிணையாக பெர்னாந்துவை விட்டுவிட்டு வந்தார்கள். 1438 தொடக்கத்தில் லெய்ரியாவில் கூடிய கோர்த்தெஸ், அதாவது குருமார், பிரபுக்கள், நகரப் பிரதிநிதிகள் கூடும் சபை, இதில் பிளவுபட்டது. கொடுத்துவிட்டுத் தம்பியை மீட்போம் என்றவர்களில் பெட்ரோ முன்னால் நின்றார்.

ஆட்சி கைக்கு வந்த பிறகும் (அந்தக் கதை அடுத்த பதிலில்) முயன்றார். 1440இல் சியூட்டாவை ஒப்படைக்கும் வேலைக்காக அனுப்பிய பெர்னாந்து த கஸ்த்ரோ வழியில் ஜெனோவாக் கடற்கொள்ளையரால் கொல்லப்பட்டார். முதலில் கைதியை விடுங்கள் என்று இந்தப் பக்கமும், முதலில் ஊரைக் கொடுங்கள் என்று அந்தப் பக்கமும் நின்றதில் பேச்சு முறிந்தது. பெர்னாந்து 1443 ஜூன் 5 அன்று ஃபெஸ் நகரச் சிறையில் இறந்தார். பழியை பெட்ரோ தலையில் வைப்பது அநியாயம்.

கேள்வி: அரசியின் கையில் இருந்த ஆட்சி இவர் கைக்கு எப்படி வந்தது? பறித்துக்கொண்டாரா?

பதில்: படிப்படியாக நடந்தது. 1438 செப்டம்பர் 9 அன்று அரசர் துவார்த்தே தொமார் நகரில் இறந்தார். மகன் ஐந்தாம் அஃபோன்சோவுக்கு வயது ஆறு. ஆட்சியை மனைவி லியோனோர் நடத்த வேண்டும் என்பது உயில். சிக்கல் அவருடைய பிறந்த வீடு. அவருடைய சகோதரர்கள் “ஆரகான் இளவரசர்கள்” என்று அறியப்பட்டவர்கள்; பக்கத்து நாடான காஸ்டீலின் உள்நாட்டுச் சண்டையில் ஒரு தரப்பே அவர்கள்தான். அந்தச் சண்டை வீட்டுக்குள் வந்துவிடும் என்று நகரங்கள் அஞ்சின.

அந்த ஆண்டு இறுதியில் தோரெஸ் நோவாஸில் கூடிய கோர்த்தெஸ் அதிகாரத்தைப் பங்கு போட்டது: குழந்தை வளர்ப்பும் கருவூலமும் அரசிக்கு, நாட்டின் பாதுகாப்பு பெட்ரோவுக்கு, நீதி அர்ராயோலோஸ் பிரபுவுக்கு. காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் பணம் ஒருவர் கையிலும் படை இன்னொருவர் கையிலும் இருந்தால் ஒவ்வொரு உத்தரவும் தகராறுதான். 1439இல் லிஸ்பன் மக்கள் கொந்தளித்தார்கள். டிசம்பரில் அங்கே கூடிய கோர்த்தெஸ் பெட்ரோவைத் தனி ராஜப்பிரதிநிதியாக ஏற்றது. 1440 இறுதியில் லியோனோர் க்ராத்தோ கோட்டைக்குப் போய், அங்கிருந்து காஸ்டீலுக்குத் தப்பினார். 1445இல் தொலேதோவில் இறந்தார். நகரங்களின் ஆதரவோடு வந்த ஆட்சி இது. பெரும் பிரபுக்களில் பலர் ஆரம்பம் முதலே வெளியே நின்றார்கள்.

கேள்வி: ஆட்சியில் குறிப்பிடும்படி என்ன செய்தார்?

பதில்: முதலில் சட்டத் தொகுப்பு. சிதறிக் கிடந்த அரச ஆணைகளைத் திரட்டும் வேலை அவருடைய தந்தை காலத்திலேயே தொடங்கிவிட்டது. ருய் ஃபெர்னாந்தஸ் என்ற சட்ட அறிஞர் 1446இல் முடித்தார். ஐந்து பாகங்கள்: அதிகாரிகளின் கடமைகள், திருச்சபை, அரசுரிமை, யூதர், முஸ்லிம்கள், வழக்கு நடைமுறை, உரிமையியல், குற்றவியல். இளம் அரசரின் பெயரால் அது “அஃபோன்சோ சட்டங்கள்” என்று வழங்குகிறது. உழைப்பு பெட்ரோவின் ஆட்சிக்காலத்தது.

அடுத்து கடல். 1443 அக்டோபர் 22 தேதியிட்ட ஆணையால், மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள பொஜடோர் முனைக்குத் தெற்கே ஹென்றியின் அனுமதி இல்லாமல் யாரும் கப்பல் விடக் கூடாது என்றாயிற்று. அரசுக்குச் சேர வேண்டிய ஐந்தில் ஒரு பங்கும் ஹென்றிக்கே விடப்பட்டது. ஹென்றியின் புகழுக்கு அடியில் இருந்த முதலீடு இந்த ஆணைதான். அதே ஆட்சியில்தான் 1444 ஆகஸ்டில் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கக் கைதிகள், தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டு, பங்கு போடப்பட்டார்கள். பெட்ரோவைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

படிப்பிலும் அக்கறை இருந்தது. பழைய ரோமின் சிந்தனையாளர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலைப் போர்ச்சுகீசியத்துக்குக் கொண்டுவந்தார். செனெகாவின் நூலை அடியொற்றி, பாதிரியார் ஜொவாவோ வெர்பாவின் துணையோடு, உபகாரம் செய்வது, பெறுவது, நன்றி பாராட்டுவது பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார்.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர் சொந்த மருமகனாலேயே வீழ்த்தப்பட்டது எப்படி?

பதில்: மூன்று காரியங்கள் சேர்ந்தன என்பது எங்கள் கணிப்பு. தம்பி ஜொவாவோ 1442இல் இறந்தார். அவர் வகித்த படைத்தலைவர் பதவிக்கு வாரிசான மகனும் சீக்கிரமே போனான். தாய்வழித் தாத்தா நூனோ ஆல்வரெஸ் பெரெய்ராவின் பதவி என்பதால் தனக்கே சேர வேண்டும் என்றார் ஓரெம் பிரபு; பார்செலோஸ் பிரபுவின் மகன் இவர். பெட்ரோ அதைத் தம் மகனுக்குக் கொடுத்தார். மனத்தை ஆற்ற, அதே 1442 இறுதியில் பார்செலோஸ் பிரபுவை பிரகான்சா டியூக் ஆக்கினார். பகை அப்படியே இருந்தது, பகைவரின் பலம் மட்டும் கூடியது.

இரண்டாவது, மகள் இசபெலை இளம் அரசருக்கு மணமுடித்தது. திருமணம் 1447இல். அரசரின் மாமனாரும் தாமே, சித்தப்பாவும் தாமே, படைத்தலைவரின் தந்தையும் தாமே என்றால் மற்றப் பெரிய குடும்பங்களுக்கு எந்த வாசலும் மிஞ்சவில்லை. ஆரகான் அரியணைக்கு உரிமை கோரிய வீட்டின் மருமகன் என்பதும் லியோனோரின் சொந்தங்களுக்கு ஆறாத உறுத்தல்.

மூன்றாவதுதான் மிகப் பெரிய தவறு. 1446 ஜனவரியில் அரசருக்கு 14 வயது நிரம்பியது. சட்டப்படி பொறுப்பு முடிந்தது. ஒப்படைத்தார்; அரசர் தொடரச் சொன்னார், தொடர்ந்தார். அன்றே கொயிம்ப்ராவுக்குப் போயிருந்தால் கோர்த்தெஸின் நன்றியோடு போயிருப்பார். 1448இல் அரசர் விடைகொடுத்து அனுப்பியபோது, அரண்மனையில் அவருக்காகப் பேச ஆளில்லை.

கேள்வி: அல்ஃபரொபெய்ரா சண்டையை விளக்குங்கள்.

பதில்: 1449 வசந்தத்தில் பிரகான்சா டியூக் படையோடு அரசவைக்குப் போக, பெட்ரோவின் நிலத்தைக் கடக்க முயன்றார். பெட்ரோ மறித்தார்; டியூக் மலைப்பாதையாகச் சுற்றிப் போனார். உடனே ‘அரசரின் ஆளைத் தடுத்தவர் கலகக்காரர்’ என்ற முத்திரை விழுந்தது. கோட்டைக்குள் இருப்பதா, நேரில் போய் நியாயம் கேட்பதா என்ற விவாதத்தில் இரண்டாவது வென்றது. மே 5 அன்று கொயிம்ப்ராவிலிருந்து கிளம்பினார். நாளாகமம் எழுதிய ருய் த பினாவின் கணக்கில் குதிரைப்படை 1,000, காலாட்படை 5,000. அரசர் பக்கம் 30,000. நாளாகமங்களின் எண்கள் பெருத்தே இருக்கும். விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மே 20 அன்று, லிஸ்பனுக்கு வடக்கே அல்வெர்கா பக்கத்திலுள்ள அல்ஃபரொபெய்ரா ஓடையருகே இரு படைகளும் மோதின. திட்டமிட்ட போர் என்பதைவிட, அம்பெய்பவர்களின் சில்லறை மோதல் பெருகி வெடித்தது என்பதே சரி. மார்பில் அம்பு பாய்ந்து பெட்ரோ விழுந்தார். ஒன்றாகச் சாவதென்று சத்தியம் செய்திருந்த நண்பர் ஆல்வரோ வாஸ் த அல்மாதா, சேதி கேட்டு ஓய்ந்து உட்காராமல் சண்டைக்குள் புகுந்து உயிர்விட்டார். பெட்ரோவின் உடல் மூன்று நாள் களத்திலேயே கிடந்தது. பர்கண்டியில் டியூக்கின் மனைவியாக இருந்த தங்கை இசபெல், ஜான் ஜூஃப்ருவா என்ற குருவைத் தூதனுப்பி, உரிய அடக்கத்தைக் கேட்டு அரசர் முன் வாதாட வைத்தார்.

கேள்வி: பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

பதில்: மூத்தவர் பெட்ரோ காஸ்டீலில் அகதியானார், 1464இல் கட்டலோனியர்கள் அவரைத் தங்கள் அரசராக அழைத்தார்கள், 1466இல் இறந்தார். ஜொவாவோ சைப்ரஸ் இளவரசி ஷார்லட்டை மணந்து 1457இல் மறைந்தார். ஜைமே கர்தினால் ஆகி, 1459இல் ஃபிளாரன்ஸில் இறந்தார். அங்கே சான் மினியாத்தோ தேவாலயத்தில் அவருடைய சிற்றாலயத்தைப் பார்க்கலாம். பெயத்ரிஸ் பர்கண்டியில் கிளீவ்ஸ் குடும்பத்து அடால்ஃபை மணந்தார். பிலிப்பா ஒதிவெலாஸ் மடத்தில் வாழ்ந்தார். அரசியான இசபெல் கணவரை விட்டுப் போகவில்லை; தந்தையின் உடலைக் குடும்பக் கல்லறைகள் உள்ள படாலா மடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு, 1455இல் சாதித்தார். அதே ஆண்டு மே மாதம் மகனைப் பெற்று, டிசம்பரில் இறந்தார்.

கேள்வி: படாலாவில் கல்லறையை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: நிறுவனர் சிற்றாலயத்தின் நடுவில் கைகோத்துப் படுத்திருக்கும் உருவங்கள் பெற்றோர். தென்சுவரில் பிள்ளைகள். படுத்த உருவம் செதுக்கியது ஹென்றியுடையது. “தெசீர்” (விருப்பம்) என்ற பிரெஞ்சுச் சொல்லும் தராசும் இருக்குமிடம் பெட்ரோவுடையது.

கேள்வி: அரசி இசபெலின் மகன் இரண்டாம் ஜொவாவோ, தாத்தாவுக்காகத்தான் 1483இல் பிரகான்சா டியூக்கின் தலையை வாங்கினாராமே?

பதில்: எவோராவில் தலை வெட்டப்பட்டவர் பழைய டியூக்கின் பேரன் ஃபெர்னாந்து, குற்றச்சாட்டு காஸ்டீலோடு சேர்ந்து சதி செய்தது. தாத்தாவின் நினைவு அரசர் மனத்தில் இருந்திருக்கலாம், ஆனால் காரணம் அதிகாரக் கணக்கு. பிரபுக்களின் நிலங்களுக்குள் அரச அதிகாரிகள் நுழைந்து விசாரிக்கலாம் என்று 1481இல் எவோராவில் தொடங்கிய கோர்த்தெஸை ஒட்டி ஜொவாவோ பிடிவாதம் பிடித்தார். பிரகான்சா குடும்பம் மறுத்தது. மோதல் தொடங்கிய இடம் அதுதான்.