கதவுக்கு இந்தப் பக்கம்

வணக்கம் சார்,

எனக்குச் சொந்த ஊர் கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம். மூன்று வருடமாகக் கோவையில் ஒரு ஆஸ்பத்திரி ஐசியுவில் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் ஹாஸ்டலில் எல்லோரும் சேர்ந்து ‘இஃப் ஐ ஸ்டே’ படம் பார்த்தோம். கூட இருந்த பிள்ளைகள் அப்படி அழுதார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. கோமாவில் கிடக்கிற பெண் எழுந்து ஆஸ்பத்திரி முழுக்க நடக்கிறாள், எல்லோர் பேசுவதையும் கேட்கிறாள், இருப்பதா போவதா என்று அவளே முடிவு செய்ய வேண்டுமாம். அதை அவள் காதில் போய்ச் சொல்வதும் ஒரு நர்ஸ்!

போன மாதம் எங்கள் வார்டில் ஒரு பையன் இறந்துபோனான். அவனுடைய அப்பா என்னிடம், “பொழைக்கணும்னு அவனுக்கு நெனப்பு இல்லாமப் போச்சாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் படம் பார்த்தபோது அவர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த நாள் ‘அக்டோபர்’ என்ற இந்திப் படம் போட்டோம். பாதியில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் முழுசாகப் பார்த்தேன். இரண்டில் எது நல்ல படம் சார்? இல்லை, வேலை பார்த்துப் பார்த்து நான்தான் மரத்துப்போய்விட்டேனா?

(பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள சிஸ்டர்,

பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுகிறேன். மரத்துப்போயிருந்தால் ஒரு அப்பா கேட்டதை ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அந்தக் கவலையை விடுங்கள்.

‘இஃப் ஐ ஸ்டே’ 2014-ல் வந்தது. கெய்ல் ஃபோர்மன் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. செல்லோ வாசிக்கும் பெண், பனி நாளில் கார் விபத்து, அப்பா அம்மா போய்விடுகிறார்கள், பின்னாலேயே தம்பியும். இவள் உடம்பு கட்டிலில் கிடக்கிறது, இவள் காரிடாரில் வெறுங்காலோடு ஓடுகிறாள். எனக்கும் உங்களைப் போலவே எரிச்சல்தான். சாவை இந்தக் காலேஜா அந்தக் காலேஜா என்கிற மாதிரி ஒரு தேர்வாக ஆக்கிவிட்டார்கள். நல்ல காதலன் இருந்தால் திரும்பி வரலாம். அப்படியென்றால் வராதவர்களுக்கு என்ன இல்லாமல் போயிற்று? அந்த அப்பா கேட்டது அதைத்தான்.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு காட்சிக்காக நான் மற்றதை மன்னித்துவிடுவேன். தாத்தா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குப் போக வேண்டும் என்றிருந்தால் போய்க்கொள்ளம்மா, எனக்குப் புரியும் என்கிற மாதிரிப் பேசுவாரே, அது. அவர் ஆவியைப் பார்க்கவில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. கண் மூடிக் கிடக்கிற பேத்தியிடம் பேசுகிறார், அவ்வளவுதான். படம் கொஞ்ச நேரத்துக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. உங்கள் ஹாஸ்டல் பிள்ளைகளும் அங்கேதான் அதிகம் அழுதிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்த மாதிரிப் படங்களை நான் பிரித்துக்கொள்வது இப்படித்தான். சிலது கதவுக்கு உள்ளே, கிடப்பவரின் பக்கம் நடக்கும், சிலது வெளியே, காத்து நிற்பவர்களின் பக்கம். உள்ளே போகிற படங்கள் பெரும்பாலும் அலங்காரத்தில் முடிகின்றன. பீட்டர் ஜாக்சனின் ‘தி லவ்லி போன்ஸ்’ அப்படி. கொலையான பதினாலு வயதுப் பெண் மேலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இருக்கிற இடம் பழைய தினசரி காலண்டர் படம் மாதிரி மினுங்குகிறது. வீட்டுக்குள் அப்பா உடைந்துபோகிற காட்சிகள் எல்லாம் அந்த மினுக்கலில் அடிபட்டுப் போகின்றன.

உள்ளே போயும் தப்பித்த படம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். 1946-ல் வந்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’. பாவல், பிரஸ்பர்கர் என்று இரண்டு பேர் சேர்ந்து எடுத்தது. பாராசூட் இல்லாமல் குதித்த இளம் விமானி பிழைத்துவிடுகிறான். காரணம், அழைத்துப் போக வேண்டிய மேலுலகத்துத் தூதர் இங்கிலாந்து மூடுபனியில் அவனைத் தவறவிட்டுவிட்டார். நம்மூர் எமதூதர் பெயர் குழம்பி வேறு ஆளைக் கூட்டிப்போகிற கதைதான்! பூமி கலரில் இருக்கும், மேலுலகம் கறுப்பு வெள்ளையில். அங்கே வழக்கு நடக்கிற நேரத்தில் இங்கே அவனுக்கு மூளையில் ஆபரேஷன் நடக்கிறது, எது நிஜம் என்று படம் கடைசி வரை சொல்வதில்லை. முக்கியமானது என்னவென்றால், அவன் பிழைப்பது அவனுடைய மன உறுதியால் அல்ல. அவனுக்காக வாதாடுவது ஒரு டாக்டர். அதுவும் ஆம்புலன்ஸ் தேடி பைக்கில் போய்ச் செத்துப்போன டாக்டர். கடைசியில் அவனுக்குப் பதிலாக நான் வருகிறேன் என்று படியில் ஏறி நிற்பது அவன் காதலி.

இது நமக்குப் பழக்கமான கதை. சாவித்திரி கதையில் சத்தியவானுக்கு என்ன வேலை? மடியில் கிடக்கிறான். எமன் பின்னாலேயே நடப்பதும் பேசி மடக்குவதும் அவள்தான். இங்கே ஒரு மார்க்கண்டேயன் இருக்கிறானே என்று நீங்கள் கேட்கலாம். பதினாறு வயது, தானே ஓடினான், தானே லிங்கத்தைக் கட்டிப் பிடித்தான். சரிதான். நம்மைப் போன்ற தமிழ்நாடு-கேரள எல்லைக்காரர்களுக்கு அவன் கதை இரண்டு தடவை கிடைக்கிறது. கிழக்கே கேட்டால் திருக்கடையூர் என்பார்கள், மேற்கே கேட்டால் திருநாவாயிலிருந்து திருப்பரங்கோடு சிவன் கோயிலுக்கு ஓடினான் என்பார்கள். நான் சின்ன வயதில் கேட்டது மேற்கத்திக் கதை. அதில் வழியில் நின்ற ஆலமரம் இரண்டாகப் பிளந்து பையனுக்கு வழிவிடும், எமன் சுற்றிக்கொண்டு வர வேண்டியதாகும். பாருங்கள், அவன் ஓட்டத்துக்குக்கூட ஒரு மரம் தேவைப்படுகிறது.

மலையாளப் படங்கள் இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டன என்று எனக்குத் தோன்றும். ‘ஹெலன்’ எடுத்துக்கொள்ளுங்கள். கடையின் ஃப்ரீசர் அறைக்குள் மாட்டிக்கொண்ட பெண் ராத்திரி முழுக்க உயிருக்குப் போராடுகிறாள். அவள் உள்ளே இருக்கிறாள் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவது ஒரு செக்யூரிட்டிக்காரரால். போகும்போதும் வரும்போதும் அவரைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே பிள்ளை அவள், இன்றைக்குத் திரும்பிப் போனதைப் பார்க்கவில்லையே என்று அவருக்குத் தோன்றுகிறது. ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ பார்த்திருப்பீர்கள். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நிஜமாக நடந்தது. குழிக்குள் கிடப்பவன் எதையும் முடிவு செய்வதில்லை, அவனால் முடியாது. மேலே இருப்பவர்கள் மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் தங்கள் உடம்பையே அணையாகப் போட்டுப் படுக்கிறார்கள். ஆரம்பத்தில் கல்யாண வீட்டில் விளையாட்டுக்கு வடம் இழுத்த மாதிரியேதான் கடைசியில் ஆளை இழுக்கிறார்கள். (தமிழ்நாட்டுப் போலீசைக் காட்டிய விதத்தில் அங்கே இருக்கிற நண்பர்கள் சிலருக்கு வருத்தம். இரண்டு பக்கப் போலீசையும் பார்த்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.)

‘ட்ராஃபிக்’ இன்னும் நமக்கு நெருக்கம். 2008-ல் சென்னையில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயதுப் பையனின் இதயத்தை அவன் பெற்றோர் தானம் கொடுத்தார்கள், இருவருமே டாக்டர்கள். அந்தச் சம்பவத்தை வைத்து 2011-ல் மலையாளத்தில் எடுத்தபோது இதயம் கொச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு வந்தது. தமிழில் ‘சென்னையில் ஒரு நாள்’ என்று திரும்ப எடுத்தபோது சென்னையிலிருந்து வேலூருக்குப் போனது. நான் பாலக்காட்டில்தான் பார்த்தேன். நம்மூருக்குத்தான் வருகிறது என்று தெரிந்ததும் தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதில் அந்தப் பையன் எழுந்து நடப்பதில்லை. மூளைச்சாவு என்றால் கோமா இல்லை, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துத்தான் சொல்வார்கள், திரும்பி வருவது கிடையாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவை அந்தப் படம் அவசரப்படாமல் காட்டியது.

இப்போது ‘அக்டோபர்’. அது தூங்க வைக்கிற படம்தான், நானும் முதல் தடவை கண் அயர்ந்தேன். ஐசியு வாசலில் யாரும் தூங்காமல் இருந்ததில்லையே. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த ஷியூலி படம் முழுக்கக் கிடக்கிறாள். அவள் நெருங்கிய தோழர்கள் எல்லாம் மெல்ல வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவாகப் பழக்கமில்லாத டான் மட்டும் போகமாட்டேன் என்கிறான். விழுவதற்கு முன் அவள் கடைசியாகக் கேட்டது, டான் எங்கே என்று. ஏன் கேட்டாள்? படம் சொல்வதில்லை, அவளும் சொல்ல முடியாது. வேறு டைரக்டராக இருந்தால் அவள் ஆவியை எழுப்பி அதற்குப் பதில் சொல்ல வைத்திருப்பார். ஷூஜித் சர்க்கார் கட்டில் பக்கத்தில் பவழமல்லிப் பூவை வைக்கச் சொல்கிறார். ஷியூலி என்றால் வங்காளத்தில் பவழமல்லிதான், விடியும்போது தானாக உதிர்கிற பூ. அவளுடைய குடும்பம் ஐயர் குடும்பம், அம்மா காலேஜில் பாடம் எடுக்கிறவர். செலவு எவ்வளவு ஆகும், இன்னும் எத்தனை நாள் என்று சித்தப்பா முறையில் ஒருவர் கேட்கிறார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாக் குடும்பத்திலும் அந்தக் கேள்வியை யாராவது ஒருவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் நான் கேட்டேன். 2012-ல் என் அக்காள் மகன் வேலந்தாவளம் ரோட்டில் பைக்கோடு விழுந்தான், பத்தொன்பது வயது. கோவையில் பதினேழு நாள். காலை பத்து நிமிடம், சாயங்காலம் பத்து நிமிடம், ஒரு ஆள்தான் உள்ளே. வாசலில் எப்போதும் ஒரு செருப்புக் குவியல். எங்கள் பக்கத்தில் மண்ணார்க்காட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் “போதம் வந்நோ?” என்பார்கள், நாங்கள் “நினைவு வந்துச்சா?” என்போம். ஒன்பதாவது நாள் அக்கா வீட்டில் மாடு கத்துவதை செல்போனில் பதிந்து கொண்டுவந்தாள். அவன்தான் அதற்குத் தினமும் பால் கறப்பான். உங்களைப் போல ஒரு சிஸ்டர், சத்தம் குறைத்து வைத்துக்கோங்கம்மா என்று அனுமதித்தார். அக்கா அவன் காதில் போனை வைத்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். அப்போது எனக்குப் புரிந்தது: அந்த அமெரிக்கப் படங்களில் எழுந்து நடப்பது கிடப்பவரின் ஆவி இல்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறவர்களின் ஆசை. கேட்கிறது, பார்க்கிறது என்று நம்பினால்தான் அந்தப் பத்து நிமிடம் பேச முடியும். அதனால் உங்கள் தோழிகள் அழுததையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த அப்பாவை மறுபடி பார்த்தால் நேராகச் சொல்லுங்கள். மண்டைக்குள் வீக்கம் ஏறியது, மூளை தாங்கவில்லை, நெனப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று. எது காரணமோ அதைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் மீது பழி விழாமல் பார்த்துக்கொள்ள உங்களை விட்டால் ஆள் இல்லை.

அக்காள் மகன் பிழைத்தான். இடது கால் கொஞ்சம் இழுக்கும். எல்லாம் ஆன பிறகு ஒரு நாள், உள்ளே என்னடா தெரிஞ்சுது என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல மாமா. கரண்ட் போன மாதிரி. வந்தப்ப நீங்க தாடியோட நின்னீங்க,” என்றான். மாடு கத்தியது கேட்டதா என்றேன். சிரித்தான். அக்கா அடுப்படியிலிருந்து, “அன்னிக்கு கழுத்தத் திருப்புனான், நான் பார்த்தேன்,” என்றாள். இப்போதும் அதையே சொல்கிறாள். அந்த மாட்டுக்குக் கறவை நின்று நாலு வருடம் ஆகிறது, விற்றுவிடலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்கு வருகிறாள்.

சித்தூருக்கு லீவில் வந்தால் கொழிஞ்சாம்பாறைக்கு ஒரு எட்டு வாருங்கள். கறுப்பு வெள்ளை மேலுலகப் படம் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.

அன்புடன்.